மெஷின் வாடை

கணேசபாண்டியனுக்கு சாஃப்ட்வேர் துறையில் இருபத்தாறு வருட சர்வீஸ். அவருடைய அபிப்பிராயங்களுக்கும் ஏறக்குறைய அதே வயது.

திங்கட்கிழமைதோறும் மும்பை செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறுவதற்குள் ஒரு அபிப்பிராயத்தை இணையத்தில் எழுதிவிடுவார். புது ஆப்கள் எல்லாம் குப்பை. ஆன்லைனில் எவனும் எதையும் முழுசாகப் படிப்பதில்லை. ஏஐ மெஷினிடம் வார்த்தை மட்டும்தான் உண்டு, மனசு கிடையாது. இந்தக் கடைசி அபிப்பிராயத்துக்கு நாலாயிரம் லைக் விழுந்தது.

அப்படிப்பட்டவர், தமிழ் சாட் மேஜையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் சும்மா இருப்பாரா? நேராக மேனேஜர் ஆதித்யனிடம் போனார்.

அவர்கள் கம்பெனியின் ஆப்பில்தான் தாராவி, முலுண்ட் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் சரக்குக்கு ஆர்டர் போடுவார்கள். ஏதாவது சிக்கல் என்றால் சாட்டில் கேட்பார்கள். இந்தியிலும் மராத்தியிலும் பதில் சொல்கிற வேலை போன வருடமே மெஷினுக்குப் போய்விட்டது. தமிழுக்கு மட்டும் பானுமதி என்ற பெண் மிச்சம். டிராம்பே ஆலையில் வேலை பார்த்த அவளுடைய அப்பா முதுகு போய் வீட்டோடு இருக்கிறார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

கணேசபாண்டியன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வேறு மாடி. இவர் போனது கொள்கைக்காக.

"மனுஷி செய்யுற வேலைய மெஷின் செய்யாது ஆதித்யா. மெஷின் எழுதினா எனக்கு வாடையே காட்டிக் குடுத்துரும்."

ஆதித்யன் மரியாதை தெரிந்த பையன். பெரியவரிடம் வாதாடவில்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்க ஸார். பானுமதியோட சாட் பத்து, ட்ரையல்ல மெஷின் பேசின சாட் பத்து. பேரை மறைச்சு, பிரிண்ட் எடுத்து ரெண்டு கட்டாத் தர்றேன். எது மெஷின்னு சரியா சொல்லிட்டீங்கன்னா இந்த ப்ளானை விட்டுடறேன்."

"தப்பாச் சொன்னா?"

"உங்களுக்கே தெரியலைன்னா கடைக்காரங்களுக்கு எங்க ஸார் தெரியப்போகுது?"

கணேசபாண்டியன் சம்மதித்தார். சம்மதித்ததை இணையத்திலும் அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முதல் கட்டைப் பிரித்தார். வெல்லம் இரண்டு தடவை ஆர்டர் ஆகிவிட்டதாக ஒரு கடைக்காரர் புலம்பியிருந்தார். 'பதறாதிய அண்ணாச்சி, காலையில சாப்டியளா? இந்தா பாக்கேன்' என்று ஆரம்பித்தது பதில். அப்புறம் வியாபாரம் எப்படி, பிள்ளைகள் சௌக்கியமா என்று ஒரு பாட்டம் விசாரணை. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் நடுவே பிறந்து வளர்ந்த கணேசபாண்டியனுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

இரண்டாவது கட்டு. 'தங்கள் புகார் பெறப்பட்டது. விரைவில் தீர்வு காணப்படும். நன்றி.' பத்து சாட்டிலும் இதே மூன்று வரிதான், ஒரு எழுத்து மாறவில்லை. அதோடு பேச்சு முடிந்துவிட்டது. கேட்டவர் என்ன ஆனார் என்று விசாரிக்க நாதியில்லை.

அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது கட்டின் மேல் 'மெஷின்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஆதித்யன் அதை வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு, மறைத்திருந்த பெயர்களைத் திரையில் திறந்து காட்டினான்.

"இந்த மூணு வரி பானுமதியோடது ஸார்."

அப்படியென்றால் சாப்டியளா என்று கேட்டது யார் என்றார் கணேசபாண்டியன். தாராவிக் கடைக்காரர்களின் பேச்சைக் கேட்க வைத்து மெஷினைப் பழக்கியதாகச் சொன்னான் ஆதித்யன். இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். இணையத்தில் நாலு பேருக்குச் சொன்ன பந்தயமாயிற்றே ஸார் என்று அவன் பணிவாகச் சொல்லிவிட்டான். சாயந்தரத்துக்குள் பானுமதிக்கு மெயில் போய்விட்டது.

கணேசபாண்டியனுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. கோபம். அவளுக்காக மல்லுக்கு நின்றவரை அவளே கவிழ்த்துவிட்டாள். ஆதரவாக நாலு வார்த்தை எழுதினால் கையா தேய்ந்துவிடும்? அதைக் கேட்டுவிடுவதென்று மூன்று மாடி இறங்கிப் போனார்.

பானுமதி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, நம்ம தமிழ் நல்லாத்தான பேசுவ? அத அப்படியே எழுதினா என்ன?"

"பேசுவேன் ஸார். எழுதத்தான் வராது. படிச்சது ஹிந்தி மீடியம். ஒரு வரி டைப் பண்ண பத்து நிமிஷம் ஆவும், கடைக்காரங்க அதுவரைக்கும் காத்துக் கிடக்கணும். அதான் ஆபீஸ்ல குடுத்த மூணு வரிய மட்டும் போட்டுருவேன்."

"போட்டுட்டு?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். கடைக்காரர்களிடம் சொந்த போனில் பேசக்கூடாது என்பது ஆபீஸ் ரூல். அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பேரைப் பார்த்தவள், இனி ரூலுக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, அவர் முன்னாலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. அரிசி மாறி வந்துட்டா? டென்ஷன் எடுக்காதிய, மூட்டையப் பிரிக்காம வைங்க, வீட்டுக்குப் போற வழியில கடைக்கு வந்து பாக்கேன். பெறகு அண்ணாச்சி, நாளையில இருந்து ஆபீஸ்ல நான் இல்ல, மெஷின்தான் இருக்கும். அதுகிட்ட வேல ஆகலைன்னா எப்பவும் போல இந்த நம்பருக்கே கூப்பிடுங்க."