அந்த வாழ்த்து மட்டும் வேண்டாம்

வரிசை நகர்ந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

ஆடி வெள்ளி. தெரு அம்மன் கோவிலில் விளக்கு பூஜை முடிந்திருந்தது. பூஜைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் நெற்றியில் குங்குமம் வைத்துவிடுவது ஆவுடையம்மாள். தெருவிலேயே மூத்த சுமங்கலி. வீட்டுக்காரருக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. கட்டிலோடு கிடந்தாலும் ஆள் இருக்கிறார். அந்தக் கைராசிக்காகத்தான் இத்தனை கூட்டம்.

வைக்கும்போது ஒரே வாழ்த்துதான். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர வேண்டும். அதாவது, புருஷன் இருக்கும்போதே கண்ணை மூடிவிட வேண்டும்.

முன்பெல்லாம் அவளும் கண் கலங்கக் குனிந்து வாங்கியிருக்கிறாள்.

இப்போது அதைக் கேட்கவே பயம்.

பக்கவாதத்தில் அவள் வீட்டுக்காரருக்கும் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்தாள். மகள் ஊட்டிப் பார்த்தாள். சம்பளத்துக்கு வந்த நர்ஸ் ஊட்டிப் பார்த்தாள். மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்துக் கிடந்தார். அவள் சுவரைப் பிடித்து எழுந்து வந்து கரண்டியை வாங்கிய பிறகுதான் கஞ்சி இறங்கியது.

அன்றைக்கு முடிவு செய்தாள். தான் முந்தக் கூடாது.

அப்புறம் அவள் செய்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. கிழவி குமரி ஆகப் பார்க்கிறாள் என்றார்கள். விடியும் முன்னால் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடை. வீட்டிலிருந்த ஊறுகாயையெல்லாம் மகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். அவளா! ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காதவள். பேரன் கல்யாணத்தில் அப்பளத்தைக்கூடத் தொடவில்லை. பிரஷர் மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை.

உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். முதலில் முட்டியில் உயிர் போனது. போகட்டும் என்று மறுபடி உட்கார்ந்தாள். இப்போது மேடையைப் பிடிப்பதில்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் தேடுவதும் இல்லை.

இத்தனையும் செய்துவிட்டு இந்த வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு போவதா?

முன்னால் நின்றவள் விலகினாள்.

ஆவுடையம்மாளின் விரல் குங்குமத்தோடு வந்தது. வாழ்த்தச் சொல்லெடுத்தாள்.

அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"யக்கா, எனக்கு அதை மட்டும் சொல்லாதிய. அவுகள அனுப்பிட்டுத்தான் நான் போணும்."

மணி ஆட்டிக்கொண்டிருந்த பூசாரி நிறுத்திவிட்டார். பின்னால் யாரோ பாவி என்றாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, அம்மன் முன்னால் நின்று புருஷன் சாவைக் கேட்கிறாளே என்று வரிசை நெடுக முணுமுணுப்பு.

அவள் நகரவில்லை. பேசட்டும். அவள் இல்லாத மறுநாள் காலையில் அவருக்கு யார் ஊட்டுவது என்று இவர்களில் ஒருத்தி சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஆவுடையம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்த்தாள்.

வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. பொட்டை மட்டும் வைத்தாள்.

வைத்த கையை எடுக்காமலே காதருகே குனிந்தாள். அடுத்தவளுக்குக் கேட்காத குரல்.

"ஏட்டி, காலைல நடக்கப் போகும்போது எனக்கும் ஒரு சத்தம் குடு."