அடி வால்வு

"மெஷினை ஓட்டுற காத்து டேங்க்ல நிக்கவே மாட்டேங்குது. எல்லா மெஷினும் சேர்ந்து இழுத்தா ஒரே நிமிஷத்துல காலி. இன்னொரு கம்ப்ரசர் வாங்கிட வேண்டியதுதான்," என்றார் மேனேஜர்.

"எங்க சார் வைப்பீங்க?" பேக்கிங்கில் இருந்தவள் கேட்டாள்.

"குழந்தைங்க ரூம்லதான். வேற இடம் ஏது?"

வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவைக்கும் அந்த அறையில்தான் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் போய் டேங்கின் மேல்பக்கம் தட்டினாள்; கணீரென்றது. கீழே தட்டினாள், தொப்பென்றது. உடனே குனிந்து அடி வால்வைத் திறந்தாள்.

"ஏம்மா, இருக்கிற காத்தையும் போக்கடிக்கிறியா?" பதறி ஓடி வந்தார் மேனேஜர்.

பீய்ச்சியடித்தது காற்றல்ல, துருத்தண்ணீர்! சூடான காற்று ஆறும்போது விட்டுப்போகும் ஈரம், மாதக்கணக்கில் சேர்ந்து, காற்றின் இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அது வடிந்தபின் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடின. டேங்கின் அழுத்தம் காட்டும் முள் லேசாகத் தலையாட்டிவிட்டு, இறங்காமல் நின்றது.

நனைந்த பேன்ட்டைப் பிழிந்தபடி மேனேஜர் சொன்னார்: "போம்மா, இந்தச் சத்தத்துல பாப்பா முழிச்சிடுச்சான்னு பாரு. ரூம் அவளோடதுதான்."