முன்பக்கம் மட்டும்

"ஐயோ, தொடாதீங்கம்மா!"

ட்ரெமேன் பதறி ஓடி வருவதற்குள், அந்த அம்மாள் வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்காட்சிக்கு மாட்டியிருந்த கோட்டின் உள்பைக்குள் விரலை நுழைத்திருந்தாள். சர்ச்சிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். தலையில் பந்தல் அகலத்துக்கு ஊதாத் தொப்பி.

"இந்தப் பை கிழிஞ்சிருந்துச்சு. தெச்சது நான்தான்," என்றாள். "ஊதா நூல் தெரியுதா பாரு."

ட்ரெமேன் சுற்றுமுற்றும் பார்த்தான். கோட்டுக்கு உரிமை கொண்டாட ஆள் வந்துவிட்டது, அதுவும் இன்றைக்குப் பார்த்து! அதை வாங்குவதற்கென்றே மியூசியத்திலிருந்து வந்த ஹாலோவே அம்மையார் பக்கத்துச் சுவரில்தான் ஓவியம் பார்த்துக்கொண்டிருந்தார். இது கைநழுவிப் போனால் அவன் மறுபடியும் மாமா கடையில் முடிவெட்டப் போகவேண்டியதுதான்.

பழுப்புத் தோல் கோட்டு அது. மேலெல்லாம் பாரிஸ் கம்பெனி ஒன்றின் முத்திரை, காலரில் மிருதுவான ரோமம். பாரிஸ்காரன் கறுப்பர்களான நம்மைக் கடைக்குள்ளேயே விடாத காலத்தில், ஹார்லெம் பேட்டைத் தையல்காரர் தானே முத்திரை அச்சடித்துத் தைத்துக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தவன்தான் அன்றைக்கு ராஜா.

முன்னாலிருந்து பார்த்தால் பொத்தான்கூடக் குறையாது. சுற்றிப் பின்னால் போனால், காலரிலிருந்து கீழ்விளிம்புவரை முதுகு நேர்கோடாக வெட்டப்பட்டுத் திறந்து கிடக்கும். ட்ரெமேன் அதைத் தன் கலைப்படைப்பாக மாட்டி, 'முன்பக்கம் மட்டும்' என்று பெயர் வைத்திருந்தான். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது அந்த வெட்டைத்தான்.

அது அவன் வெட்டியதில்லை என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். நடைபாதைச் சந்தையில் கறுப்பு சூட் போட்ட ஒருவன், பேரம்கூடப் பேசாமல் தள்ளிவிட்டுப் போன கோட்டு. வாங்கும்போதே முதுகு அப்படித்தான் இருந்தது.

"உங்க கோட்டாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என் மகன் ரோஸ்கோவோடது. இளவட்டமா இருந்தப்போ தெச்சது. கல்யாணத்துக்கும் இதுதான், சர்ச்சுக்கும் இதுதான். மேல ஒரு தூசு விழ விடமாட்டான்."

"ஏதோ கைச்செலவுக்கு வித்திருப்பாரு."

"அவன் வித்திருக்க மாட்டான், கண்ணு."

எந்தத் தாய்தான் ஒப்புக்கொள்வாள்? பாவமாகத்தான் இருந்தது அவனுக்கு. "அவரையே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்," என்றான்.

அவள் கோட்டின் காலரைத் தடவினாள்.

அதற்குள் ஹாலோவே அம்மையார் வந்துவிட்டார். "இந்த வெட்டு இருக்கே, ட்ரெமேன், என்னைத் தூங்கவே விடல! கமிட்டியில எல்லாரும் இதுக்காகத்தான் சரின்னாங்க. நீங்களே வெட்டினதுதானே?"

இல்லை என்றால் பிழைப்பு போச்சு. இரண்டு பெண்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமா மேடம்," என்றான். "என் கையாலதான் வெட்டினேன்."

தொப்பிக்கார அம்மாள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தான்.

"நீதானா அது? விறைச்ச உடம்புல கை மடங்காது, முதுகை வெட்டித்தான் போட்டுவிடணும்னு உங்க சவப்பெட்டிக் கடை முதலாளி சொன்னாரு. நானும் சரின்னுதான் கொடுத்தேன்."

அந்த அம்மாள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப என் பிள்ளை மண்ணுக்குள்ள எதைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான், கண்ணு?"