கேட்டின் குறுக்கே

"அமெரிக்கச் சாமான் ஒண்ணுகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது!"

ஆஸ்திரேலியாவில், டூவூம்பா பம்பு கம்பெனியின் கேட்டை மறித்து நின்றான் யூனியன் தலைவன் டாரில் பிக்கரிங். பின்னால் மொத்தப் பட்டறையும் நின்றது. போராட்டம் என்றால் பசிக்குமே என்று பட்டறை ஆள் ஷேன் ஓரமாக சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தான்.

முதலாளி லொரெய்ன் வெளியே வந்தாள்.

"என்னதான் வேணும் டாரில்?"

"பம்புக்கு வார்ப்படம் இனிமே அமெரிக்காவுலேர்ந்து வருதாமே? அப்ப பக்கத்துத் தெருவுல அதை வார்க்கிற ஃபவுண்டரி என்ன ஆகும்? என் மச்சான் அங்கதான் உலை பாக்குறான். மூணு புள்ளைங்க அவனுக்கு!"

"பாதிதான் அங்கேர்ந்து. மீதி இங்கதான் வாங்குறேன்."

"பாதி வயித்துக்குச் சோறு போட்டா ஆச்சா?"

கூட்டம் கைதட்டியது. லொரெய்ன் அசரவில்லை.

"நம்ம பம்பை வாங்குறது அமெரிக்காக்காரன். அவன் ஊர் டாலர்லதான் காசு தர்றான். நம்ம ஆஸ்திரேலிய டாலர் இப்ப அதையே முந்திடுச்சு. அதே பம்பு, நம்ம கைக்கு வர்ற காசு மட்டும் குறைஞ்சுபோச்சு. செலவுலயும் கொஞ்சம் அவன் டாலர்ல இருந்தாத்தான், வரவு சுருங்கும்போது செலவும் சுருங்கும். இல்லேன்னா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"விலையை ஏத்துங்க!"

"ஏத்திப் பாத்தேன். இருந்த ஆர்டரும் போச்சு."

அதில் நியாயம் இருப்பது டாரிலுக்கும் உறைத்தது. ஆனால் மச்சான் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"மலிவா கிடைக்குதுன்னு சொந்த ஊர்க்காரன் பொழைப்புல மண்ணைப் போடறது துரோகம், லொரெய்ன். நாங்க செத்தாலும் அதைச் செய்ய மாட்டோம்!"

"மாட்டோம்!" என்றது கூட்டம்.

அந்த நேரம் பார்த்து கூரியர் வேன் ஒன்று வந்து நின்றது. டாரில் பாய்ந்து போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"உள்ள என்ன சாமான்?"

"பெட்டிங்க" என்றான் டிரைவர் ராவிரி. "எல்லாம் அமெரிக்காவுலேர்ந்து வந்தது."

"திருப்பு வண்டியை!"

"நெசமாவா?"

"ஒரு பெட்டி இறங்கக் கூடாது. வந்த வழியே அமெரிக்காவுக்கே அனுப்பு!"

ஆரவாரம் காதைப் பிளந்தது. ஷேன் இடுக்கியைத் தூக்கிக்காட்டிக் கத்தினான்.

ராவிரி இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.

"உங்க இஷ்டம் தலைவரே. பகல்ல வீட்டுல ஆள் இல்லைன்னு எல்லாரும் ஆன்லைன்ல ஆர்டர் போடறப்ப கம்பெனி விலாசத்தையே குடுத்துடறீங்க. நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது, அதான் பேரை வாசிச்சிடறேன். ஷேனுக்கு பூட்ஸ். கொலீனுக்கு மாவு பிசையிற மிக்ஸர். டாரில் பிக்கரிங்குக்குத் தூண்டில்… பாவம், நீங்களும் என்ன பண்ணுவீங்க? முக்குல இருந்த தூண்டில் கடைக்காரன்தான் யாவாரம் இல்லேன்னு கடையை மூடிட்டானே!"