கீச்சுக்குரல்

"தயவுசெஞ்சு முதல்ல அந்த ஒலிபெருக்கியை நிறுத்துங்க" என்றாள் கெசா. ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

கடற்கரைக் காவலர் ஹாரோ கண்காணிப்பு மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"என்னாச்சு மேடம்?"

"என் பொண்ணைக் காணோம். ரீகேன்னு பேரு. நாலு வயசு. நீலத் தொப்பி."

"எவ்வளவு நேரமா?"

"இருபது நிமிஷம் இருக்கும். மீன் பன் வாங்க வரிசையில நின்னேன். கூடை நாற்காலியில உட்காரு, அம்மா இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தா பை மட்டும்தான் இருக்கு."

"தண்ணின்னா பிடிக்குமா?"

கெசா ஆமாம் என்று தலையாட்டினாள். ஹாரோவின் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

அவன் கம்பியில்லாக் கருவியில் மற்ற இரண்டு காவலர்களையும் கூப்பிட்டான். அவர்கள் கரையோரமாக ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அவன் தொலைநோக்கியை எடுத்து அலைகளைத் துழாவினான்.

கோடை விழாவின் முதல் சனிக்கிழமை. கரை முழுக்க ஜனம். மணல் கோட்டைப் போட்டி முடிந்து, எங்கே பார்த்தாலும் வாளியும் தொப்பியுமாகக் குழந்தைகள். அதில் பாதித் தொப்பி நீலம்.

அந்த இரைச்சலையெல்லாம் மீறி, மணல்மேட்டுப் பக்கம் இருந்த பொம்மலாட்டக் கூடாரத்திலிருந்து ஒரு கீச்சுக்குரல். ஒலிபெருக்கி மறுபக்கமாகத் திரும்பியிருந்தது. கடல் காற்று வேறு. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கீச், கீச், கீச்.

"அந்த ஆளு நிறுத்தவே மாட்டாரா?" என்றாள் கெசா. "நாலு மணிக்கு முடியும்னு பலகையில போட்டிருந்தது. மணி நாலரை ஆகப்போகுது."

"குழந்தைங்க பார்த்துட்டிருப்பாங்க மேடம்."

"என் குழந்தை எங்கேயாவது அழுதுட்டிருப்பா தம்பி. ஆயிரம் பேர் நடுவுல அழுதாலும் அவ குரல் எனக்குத் தெரியும். இந்தச் சத்தத்துல எப்படிக் கேக்கும்?"

ஹாரோ தயங்கினான்.

"கூடாரத்துக்குக் கரண்டு உங்க அறையிலேர்ந்துதானே போகுது? ஒயரைப் பார்த்தேன். பிடுங்குங்க. நீங்க பிடுங்கலேன்னா நானே பிடுங்கறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மேடைக்குக் கீழே இருந்த காவலர் அறைக்குள் போய், சுவரோரம் கிடந்த ஆரஞ்சு நிற ஒயரைச் சுண்டி இழுத்தாள்.

கீச்சுக்குரல் பாதியில் அறுந்தது.

கெசா வெளியே வந்து கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தாள். அலைச் சத்தம். யாரோ சிரிக்கும் சத்தம். ரீகேயின் குரல் மட்டும் இல்லை. 

"மேடம்" என்றான் ஹாரோ. "அதோ பாருங்க."

நீலத் தொப்பி ஒன்று கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நரைத்த தாடிக்காரர் ஒருவர், கையை நீட்டிக்கொண்டு, தட்டுத் தடுமாறித் துரத்திக்கொண்டிருந்தார்.

கெசா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குழந்தையை வாரி எடுத்தாள். பக்கத்தில் வந்த கிழவரை ஒரு கையால் நெஞ்சில் தள்ளினாள்.

"என் பிள்ளையைத் தொடாதீங்க."

அவர் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். நீட்டியிருந்த கையில் சிவப்பு மூக்குப் பொம்மை ஒன்று மாட்டியிருந்தது.

"அம்மா" என்றாள் ரீகே, கோபமாக. "நீ எங்க தொலைஞ்சு போன? பொம்மை உன்னை எவ்வளவு நேரமாத் தேடுது தெரியுமா?"

கெசா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். ஹாரோ கிழவரைத் தூக்கி நிறுத்தினான்.

"நீங்கதான் ரீகேயோட அம்மாவா?" என்றார் அவர். தொண்டை கட்டிப் பேச்சு காற்றாக வந்தது. "நல்லவேளை. ஆட்டம் நாலு மணிக்கே முடிஞ்சு எல்லாரும் போயாச்சு. இவ மட்டும் உட்கார்ந்திருந்தா. யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு கேக்க வெளிய வந்தேன். என்னைப் பார்த்துப் பயந்து கடல் பக்கம் ஓடினா. திரும்ப உள்ளே போய்ப் பொம்மையைத் தூக்கிக் காட்டினதும் வந்து உட்கார்ந்துட்டா. அப்புறம் நான் எப்படி வெளிய வர்றது?"

"அப்போ இவ்வளவு நேரமும்..."

"இவ ஒருத்திக்குத்தாம்மா ஆட்டம். பேரைக்கூடப் பொம்மைகிட்டத்தான் சொன்னா. 'நீலத் தொப்பி ரீகேயோட அம்மா எங்கே இருந்தாலும் பொம்மைக் கூடாரத்துக்கு வாங்க'ன்னு மைக்குல கத்திக்கிட்டே இருந்தேன். பொம்மைக் குரல்லயேதான் கத்தணும். என் குரல் கேட்டா மறுபடி ஓடிடுவாளே."

கெசா மகளை இறுக்கிக்கொண்டாள். ஹாரோ மணலைப் பார்த்தான்.

"நீங்க எப்படியும் வந்துடுவீங்கன்னு தெரியும்" என்றார் கிழவர், பொம்மையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டியபடி. "அதுக்குள்ள யாரோ கரண்டைப் பிடுங்கிட்டாங்க. பொம்மைக்குப் பேச்சு நின்னதும் இவ எழுந்து ஓடிட்டா. யாரு செஞ்சாங்களோ, பாவம், அவங்களுக்குக் குழந்தை குட்டி கிடையாதுபோல."