வேகம் பிடிக்காத டிஸ்க்

"இந்த ரேட்ல காப்பி ஆனா நாளைக்குக் காலைலதான் முடியும்," என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாயங்காலம் அண்ணன் கார் எடுத்துட்டு வந்துடுவாரு. அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க. உங்ககிட்ட நான் கேக்குறது இது ஒண்ணுதான்," என்றாள் மனைவி. வாசலருகே நின்ற பெட்டியின் பூட்டை இடது கையால் ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

மகள் முந்தாநாளே மாமா வீட்டுக்குப் போயாயிற்று. இன்று இவள். மகள் தவழ்ந்தது, நடந்தது, முதல் பல் விழுந்து அழுதது எல்லாம் வீடியோவாக அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஊராருடைய டேட்டாவை எல்லாம் மீட்டுக் கொடுக்கிறவன், சொந்த வீட்டில் ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. ஆள் அப்படி.

பெரிய சண்டை ஒன்றுமில்லை. கீழே கம்ப்யூட்டர் கடை, மேலே வீடு. கல்யாணமான புதிதில் அவளும் கடையில் அவனுக்குச் சரிக்குச் சரியாக உட்கார்ந்து ரிப்பேர் பார்த்தவள்தான். மகள் பிறந்ததும் மாடியிலேயே தங்கிவிட்டாள். அவனும் அவளிடம் பேசுவதை மறந்துவிட்டான்.

"கீழ மிஷின் முனகினா மாடிக்கே கேக்குது உங்களுக்கு. பக்கத்துல படுத்து நான் அழுதது கேக்கல," என்று நேற்று சொன்னாள். போகாதே என்று சொல்லத்தான் துடித்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கேட்டதையாவது முடித்துக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டான்.

செட்டிங்ஸைத் திறந்தான். டிஸ்க், பிஐஓ என்கிற மெது மோடில் கிடந்தது. டிஎம்ஏ என்கிற வேக மோடில் டேட்டா குழாய்த் தண்ணீர் மாதிரி நேராக மெமரியில் கொட்டும். மெது மோடில் பிராசஸரே குவளை குவளையாக மொண்டு ஊற்ற வேண்டும். டிஸ்க்கில் பிழை மேல் பிழை வந்தால் சிஸ்டமே பயந்துபோய் அதை மெது மோடுக்கு இறக்கிவிடும்.

அப்படியென்றால் டிஸ்க் சாகப் போகிறது. வேக மோடுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தான். நகல் விறுவிறுவென்று ஓடத் தொடங்கியது.

கீழே யாரோ கடை ஷட்டரைத் தட்டினார்கள். போய்ப் பேசி அனுப்பிவிட்டு வருவதற்குள் நகல் மறுபடியும் நொண்டியது.

"என்னாச்சு?"

"மிஷின் தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு," என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "எல்லாம் உங்க கைராசி."

கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடந்த மவுஸை வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். மறுபடியும் மெது மோடு. கேபிளாக இருக்கும், கேபிளாகத்தான் இருக்க வேண்டும். கடைக்கு ஓடி, புதுக் கேபிள் எடுத்து வந்து மாட்டினான். மறுபடியும் வேக மோடு, மறுபடியும் ரீஸ்டார்ட்.

"இன்னிக்கு ஒரு நாள் தாங்குடா, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்," என்றான். கட்டியவளிடம் கெஞ்சத் தெரியாத மனுஷன், ஒரு டிஸ்க்கிடம் கெஞ்சினான்.

தெருவில் ஹாரன் சத்தம். அவளுடைய அண்ணன் வந்துவிட்டார். அவன் இறங்கிப் போய், கார் நிறுத்த இடம் காட்டினான்.

"கொஞ்சம் மேல வந்து உக்காருங்க மச்சான். இதோ, முடிஞ்சுடும்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அனுப்பி வைக்க அவ்வளவு அவசரமா மாப்ள?"

இருவரும் படியேறி வந்தார்கள். திரையில் நகல் பழையபடி ஊர்ந்துகொண்டிருந்தது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னால முடியல. திரும்பவும் இறங்கிடுச்சு. டிஸ்க் போயிடும் போலிருக்கு. புள்ள நடந்ததக்கூட உனக்கு எடுத்துக் குடுக்க வக்கில்லாம நிக்கிறேன். எப்பாடு பட்டாவது எடுத்து, நானே கொண்டாந்து குடுக்கிறேன். உனக்கு நேரமாகுது. நீ கிளம்பு."

அண்ணன் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அவள் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்லைங்க. மூணு தடவையும் நான்தான் இறக்கி வச்சேன், கிளம்புறது தள்ளிப் போகட்டும்னு. ஒரு தடவைகூட உங்களுக்குப் போகாதேன்னு சொல்ல வாய் வரலையா?"