வலது பக்க விளக்கு

பதினொரு மணிக்குள் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நாங்கள் தங்கியிருந்த சுற்றுலா முகாமைக் காலி செய்தாக வேண்டும். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள எங்கள் வீட்டு வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் காரில் வலது விளக்கு மட்டும் எரியவில்லை.

வீட்டு வண்டியின் பியூஸ் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த என் கணவர் வெர்லின் நிமிராமலே கத்தினார். "டார்லா, புது பல்பு வேணும். சீக்கிரம்!"

கடை பன்னிரண்டு மைல். வாங்கி வந்து நீட்டினேன்.

"வெர்லின், ஒரு விஷயம்..."

"அப்புறம். கார் ஒயரை நம்ம வண்டியில சொருகிட்டுப் போய் பிரேக்கை மிதி!"

மிதித்தேன். எரியவில்லை. பின்னால் போய் பல்பை மாற்றினார், துருவைச் சுரண்டினார்.

"இப்ப மிதி!"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"வாயால இல்லம்மா, காலால!"

எரிந்தது. ஓடிவந்து வீட்டு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மணி பத்து ஐம்பத்தெட்டு. நான் வாயை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வண்டி நகர்ந்ததும் பட்டென்று ஒரு சத்தம்.

"கல்லு" என்றார்.

முகாம் வாசலைத் தாண்டியபோது பின்பக்கக் கேமராத் திரையில் வெறும் ரோடு தெரிந்தது.

"சே! இப்ப கேமராவும் போச்சா?"

"கேமரா நல்லாத்தான் இருக்கு. கார்தான் கொக்கி மாட்டாம, ஒயரை அறுத்துக்கிட்டு அங்கேயே நிக்குது. பல்பு வாங்கப் பன்னிரண்டு மைல் நான் எதுல போனேன்னு நினைச்சீங்க?"